தாங்கும் தசையும் தேர்ந்த கையும்

மட்டாஞ்சேரியைச் சேர்ந்த ஓர் அறிவியல் முதுகலை மாணவி

இருமினால் சிறிது சிறுநீர் கசிகிறது. தும்மினால் கசிகிறது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கசிகிறது, பஸ்ஸைப் பிடிக்க நாலடி ஓடினால் கசிகிறது. "பிள்ளை பெற்ற உடம்பு, இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் பாட்டியும் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். வெளியூர்ப் பயணத்தைக் குறைத்துக்கொள்வார்கள். திருவிழாக் கூட்டத்தில் நிற்க அஞ்சுவார்கள். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். மருத்துவரிடம் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். காய்ச்சலைச் சொல்லலாம், கால்வலியைச் சொல்லலாம். இதைச் சொல்ல நா எழுவதில்லை.

சொல்லப்படாத அந்த நோயைப் பற்றியும், பெரும்பாலும் கத்தியின்றியே அதைத் தீர்க்க முயலும் ஒரு தொழிலைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். பெண்களுக்கான பிசியோதெரபி என்றும், இடுப்புத்தள இயன்முறை மருத்துவம் என்றும் அத்தொழிலைக் கூறலாம். நான் மருத்துவம் படித்தவள் அல்லேன். ஆயினும் தசை என்பது விசைக்கும் இழுப்புக்கும் கட்டுப்பட்ட பொருள்தானே? அறிவியல் பயிலும் எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: இந்தப் பயிற்சி பெயரளவில் எளிது, அதைக் கற்பிக்கத் தேர்ந்த கை வேண்டும். அந்தத் தேர்ச்சி நம் ஊர்களிலும் நம் மொழியிலும் வளர்ந்தாலன்றி, நம் வீட்டுப் பெண்களுக்கு அதன் பயன் எட்டாது.

தூளி போன்ற தசை

இடுப்பெலும்பின் அடிப்பாகம் திறந்த வளையம் போன்றது. அந்தத் திறப்பை மூடியபடி, முன்புற எலும்பிலிருந்து பின்புற வாலெலும்பு வரையில், ஒரு தசைத் தொகுதி தூளியைப் போலத் தொங்குகிறது. இதுவே இடுப்புத்தளத் தசை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் இதன்மேல் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வழிகள் மூன்றும் இதன் ஊடாகவே வெளியே வருகின்றன.

ஆகவே இந்தத் தசைக்கு ஒன்றுக்கொன்று மாறான இரண்டு கடமைகள் உண்டு. நாள் முழுதும் இறுகி நின்று தாங்கவேண்டும். வேண்டும்போது தளர்ந்து வழிவிடவேண்டும். இதற்கேற்ப, இதில் பெரும்பகுதி இழைகள் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் நிற்பவை. எஞ்சியவை நொடியில் சுருங்கி நொடியில் தளர்பவை. நாம் இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென ஏறுகிறது. நலமுள்ள உடலில், அந்த அழுத்தம் ஏறுவதற்குச் சற்று முன்னரே இடுப்புத்தளம் தானாகச் சுருங்கிச் சிறுநீர் வழியை நெருக்கிவிடும். அச்சுருக்கம் தாமதித்தாலோ வலுக்குறைந்தாலோ கசிவு உண்டாகிறது.

இத்தசைக்கு வரும் பெருஞ்சோதனை பிரசவமே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் கணிப்பொறியில் ஒரு மாதிரி அமைத்து, குழந்தையின் தலை வெளிவரும்போது இத்தசை எவ்வளவு நீளுகிறதென்று கணக்கிட்டனர். நடுவிலுள்ள தசைப்பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக நீளவேண்டியிருப்பதைக் கண்டனர். கெண்டைக்கால் தசையை இப்படி இழுத்தால் அது அறுந்துபோகும். பேறுகாலத்தில் உடல் இதற்கெனப் பக்குவப்படுவதால்தான் பெரும்பாலான தாய்மார் தேறிவிடுகின்றனர். சிலருக்குத் தசையோ நரம்போ சிறிது சேதமடைந்து, பின்னாளில் தொல்லை தருகிறது.

தொல்லைகளும் பலவகை. சிறுநீர்க் கசிவு ஒன்று. காற்றையும் மலத்தையும் அடக்கமுடியாமை மற்றொன்று. "அடி இறங்கிவிட்டது" என்று கிராமத்தில் சொல்லும் கர்ப்பப்பை இறக்கம் இன்னொன்று. இவற்றுக்கு நேர்மாறாக, தசை தளராமல் எப்போதும் இறுகியே நின்று வலி தருவதும் உண்டு. ஆண்களும் இதற்கு விலக்கல்லர். புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீர் கசியும் ஆண்களுக்கும் இதே தசைப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

நம்மவர் நிலை

செங்கற்பட்டு வட்டாரத்தில் 1981இல் தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் அமைப்பு ஒன்றுண்டு. ருவ்செக் என்று அதைச் சுருக்கமாக அழைப்பர். அதனை நிறுவியவர்களுள் ஒருவரான டி. கே. சுந்தரி ரவீந்திரன், பின்னர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியராக விளங்கியவர். கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் தமிழ்நாட்டுப் பெண்களிடமே கேட்டு, அவரும் அவருடைய தோழியரும் எழுதிய ஆய்வு 1999இல் வெளியாயிற்று. கருவி கொண்டு அளப்பதை மட்டும் நம்பாமல், நோயைச் சுமந்துகொண்டே வயலிலும் வீட்டிலும் உழைப்பவரின் சொல்லுக்கு மதிப்பளித்த ஆய்வு அது.

இங்கே மட்டாஞ்சேரியிலும் அதையடுத்த போர்ட் கொச்சியிலும் வாழும் தமிழர் நிலையை எண்ணிப் பாருங்கள். தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் குடும்பங்கள் உள்ளன. ஈரத்துணியின் பாரம் தூக்கியவருக்குத்தான் தெரியும். கடைவீதிக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைத்தும் பொறுக்கியும் பிழைக்கும் பெண்கள் உள்ளனர். பாரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றின் உள்ளழுத்தம் ஏறுகிறது. அதைத் தாங்கவேண்டியது அந்தத் தூளித் தசையே.

பிள்ளை பெற்றவளைப் பேணும் நல்வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் பத்தியச் சோறும் லேகியமும் வயிற்றுக் கட்டும் உண்டு. கேரளத்தில் பிரசவ ரட்சை என்று எண்ணெயும் வெந்நீர்க் குளியலும் உண்டு. இவ்வழக்கங்களில் தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது. அது பெரிய நன்மை. ஆனால் நீண்டு தளர்ந்த இடுப்புத்தளத்தை மீண்டும் வலுப்படுத்தும் பயிற்சி அவற்றில் இல்லை. வயிற்றைக் கட்டினால் அடித்தசை வலுப்பெற்றுவிடாது.

இத்தொழில் பிறந்த வரலாறு

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1912ஆம் ஆண்டிலேயே, பேர்பேர்ன் என்னும் மகப்பேற்று மருத்துவரின் வேண்டுகோளின்படி, மின்னி ராண்டல் என்னும் அம்மையார் பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் படுக்கைப் பயிற்சிகளை வகுத்தார். ஏழைத் தாய்மார் போதிய ஓய்வின்றி வேலைக்குத் திரும்பிய காலம் அது.

1948ஆம் ஆண்டு இத்துறைக்கு முக்கியமானது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பெண்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல், இடுப்புத்தளத் தசைக்குப் படிப்படியாக வலுவூட்டும் பயிற்சியைப் பற்றிய தம் கட்டுரையை அவ்வாண்டில் வெளியிட்டார். 'கீகல் பயிற்சி' என்று இன்று உலகெங்கும் வழங்குவது அவர் பெயரால்தான். அதே ஆண்டில் பிரிட்டனில் மகப்பேற்றுப் பிசியோதெரபியர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அமெரிக்காவில் எலிசபெத் நோபிள் என்னும் அம்மையாரின் முயற்சியால், அந்நாட்டுப் பிசியோதெரபிச் சங்கத்தில் 1977இல் இதற்கொரு தனிப்பிரிவு ஏற்பட்டது. 1999இல் ஜப்பானின் யோகோஹாமா நகரில் உலகப் பிசியோதெரபி மாநாடு கூடியபோது, இத்துறைக்கென அனைத்துலக அமைப்பும் உருவாயிற்று.

கீகல் செய்ததில் ஒரு பகுதியை உலகம் மறந்துவிட்டது. அவர் பெண்களிடம் "இறுக்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. சரியான தசை சுருங்குகிறதா என்று விரலால் தொட்டுச் சோதித்தார். பெரினியோமீட்டர் என்னும் அழுத்தமானியை அமைத்து, சுருக்கத்தின் வலுவை அப்பெண்ணே முள்ளின் அசைவில் காணும்படி செய்தார். பின்வந்தோர் சோதனையை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாயினர்.

சொல்லிக்கொடுத்தால் போதாதா?

போதாது என்பதை அமெரிக்க மருத்துவர் பம்ப் என்பவரும் அவர் குழுவினரும் 1991இல் காட்டினர். 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கருவியால் அளந்தனர். சரியாகச் செய்தவர்கள் பாதிப்பேர்தான். ஏறக்குறைய நாலில் ஒருவர் செய்த முயற்சியோ, கசிவை மிகுவிக்கக்கூடிய வகையில் இருந்தது. தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாக மூச்சைப் பிடித்துக் கீழே முக்கினால் இப்படித்தான் ஆகும். மருந்தென்று எண்ணி நஞ்சுண்பது போன்றது அது.

கையைத் தூக்கச் சொன்னால் கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இந்தத் தசை கண்ணுக்குத் தெரியாது. அசைந்தால் மூட்டு எதுவும் நகராது. அதனால்தான் பலர் பிட்டத்தையும் தொடையையும் இறுக்கிவிட்டு, செய்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

முறையாகக் கற்றுச் செய்தால் பயன் எவ்வளவு? 14 நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்களிடம் நடந்த 31 ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2018இல் முடிவு கூறியது. இருமல், தும்மல் வேளையில் கசியும் வகையில், பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 56 பேர் தாம் குணமானதாகக் கூறினர். பயிற்சி பெறாதவர்களுள் 6 பேரே அவ்வாறு கூறினர். கர்ப்பப்பை இறக்கத்திலும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்த பயிற்சி தொல்லையைக் குறைப்பதாக 2014இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இறக்கம் முற்றியவர்களுக்குப் பெசரி என்னும் தாங்கு வளையமோ அறுவையோ தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறி, குறைந்தது மூன்று மாதம், நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டுச் சுருக்கமாவது, பயிற்சியாளரின் மேற்பார்வையில் செய்யவேண்டும் என்கிறது. மூன்று மாதம் எதற்கு? முதற் சில வாரங்களில் நரம்பு கற்றுக்கொள்கிறது; அதன் பின்னரே தசை பருக்கிறது. பத்து நாள் செய்து பயனில்லையென்று விடுவது, விதைத்த மறுநாள் அறுவடைக்குப் போவதற்கு ஒப்பாகும்.

தேர்ச்சி என்பது யாது?

பிசியோதெரபியில் பட்டம் பெற்றவர் எல்லாரும் இதனைச் செய்துவிட முடியாது. முழங்கால் மூட்டையும் தோள்பட்டையையும் நன்கறிந்தவருக்கும் இது புதிய கல்வி. பட்டத்திற்குப் பின் அவர் கற்கவேண்டியவற்றை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, சோதிக்கும் முறை. உறையணிந்த விரலால் உட்பகுதியைத் தொட்டு, சுருக்கத்தின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவர். எவ்வளவு நேரம் தாங்குகிறது, எத்தனை முறை இயலுகிறது, விரைவாக எத்தனை முறை சுருக்கமுடிகிறது என்பவற்றையும் குறிப்பர். ஜோ லேகாக் என்னும் பிரிட்டிஷ் பிசியோதெரபியர் இவற்றை ஒழுங்குபடுத்தி 2001இல் வெளியிட்டார். உட்சோதனையை விரும்பாதவருக்கு, வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துத் தளத்தின் அசைவைத் திரையில் காட்டும் வழியும் உண்டு.

இரண்டாவது, பிரித்தறியும் அறிவு. தளர்ந்த தசைக்கு வலுவூட்டவேண்டும். இறுகிய தசைக்குத் தளரக் கற்பிக்கவேண்டும். வலியோடு வருபவரிடம் சோதிக்காமல் "இறுக்குங்கள்" என்றால் வலி மிகும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், திடீரெனக் கால் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்பவும் தெரிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, ஒழுக்கம். என்ன செய்யப்போகிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று முன்னரே விளக்கி இசைவு பெறவேண்டும். துணைக்கு ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டென்று சொல்லவேண்டும். நடுவில் "வேண்டாம்" என்றால் அந்தக் கணமே கையை எடுக்கவேண்டும். இவை புத்தகத்தில் படித்து வருவனவல்ல. மூத்தவரின் பக்கத்தில் நின்று பழகி வருபவை.

நான்காவது, தொடர்ந்து கற்றல். அமெரிக்காவில் பெண்நலப் பிசியோதெரபியில் சிறப்புத் தேர்வு 2009இல் முதன்முதலாக நடந்தது. பிரிட்டனின் சங்கம் படிப்படியாகப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. புதிய ஆய்வு வரும்போது பழைய வழக்கத்தைக் கைவிடும் துணிவும் இக்கல்வியின் ஒரு பகுதியே. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதே பயிற்சி என்று ஒருகாலத்தில் பலர் சொன்னார்கள். அதை அன்றாடப் பயிற்சியாகச் செய்யலாகாது என்பதே இன்றைய அறிவுரை.

நம் நாட்டில்

இந்தியாவில் பிசியோதெரபிக் கல்வி ஒரு துயரத்தினின்று பிறந்தது. 1952இல் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதையடுத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு அந்நகரத்துக் கே.இ.எம். மருத்துவமனையில் 1953இல் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1955இல் இந்தியப் பிசியோதெரபியர் சங்கம் தோன்றிற்று. போலியோவால் முடங்கிய குழந்தையின் கால் கண்ணுக்குத் தெரிந்தது. நாடு விரைந்து உதவிற்று. தாயின் இடுப்புத்தளம் கண்ணுக்குத் தெரியாதது. ஆதலின் அதன் முறை பின்னால் வந்தது.

இன்று நிலை மாறிவருகிறது. மருத்துவத் துணைத்தொழில்களை முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபியும் இடம்பெற்றது. கேரளத்தில் 2010இல் அமைந்த சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் இப்பட்டங்கள் வழங்கப்படுகின்றன. மகப்பேறும் பெண்நோயும் சார்ந்த பிசியோதெரபியை முதுநிலைச் சிறப்புப் பாடமாக வைத்துள்ள கல்லூரிகளும் இந்தியாவில் சில உள்ளன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிசியோதெரபியரை நோயாளியின் வீட்டு வாயிலுக்கே அனுப்பியது. அவ்வாறு வாயிலுக்கு வருபவர் இடுப்புத்தளக் கல்வியும் பெற்றிருந்தால், ஒரு கிராமத்துத் தாய்க்கு எவ்வளவு நன்மை!

மட்டாஞ்சேரியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் தனியே ஓர் அரசு மருத்துவமனை உள்ளது. பிரசவத்திற்குச் செல்லும் தாயிடம், "இருமினால் கசிகிறதா?" என்ற ஒரு கேள்வியை எங்கும் வழக்கமாகக் கேட்கத் தொடங்கினாலே பாதி நாணம் அகன்றுவிடும்.

சொல்லின் இடையூறு

இங்கே நம்மைப் போன்ற குடியேறிய தமிழருக்கு இன்னோர் இடையூறு உண்டு. பம்பின் ஆய்வில் தாய்மொழியில் சொல்லியே பாதிப்பேருக்கு விளங்கவில்லையென்றால், வேற்றுமொழியில் சொன்னால் என்னாகும்? மலையாளத்தில் 'முறுக்குக' என்றால் இறுக்குதல். நம் பெண்ணுக்கோ முறுக்குதல் என்பது ஈரத்துணியைத் திருகிப் பிழிவது. மலையாளி தசையைப் 'பேசி' என்கிறார். நம் காதுக்கு அது பேச்சாகக் கேட்கிறது. கர்ப்பப்பை அவர்களுக்குக் 'கர்ப்பபாத்திரம்'. இதில் குற்றம் எவருடையதும் அன்று. மொழிகள் நெருங்கிய உறவினர் என்பதாலேயே இந்த மயக்கம் நேர்கிறது.

எனவே தமிழில் தெளிவான சொற்கள் வேண்டும். காட்டாக இப்படிச் சொல்லலாம்: "காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் பின்வழியை மூடுங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து உள்ளே மேலே இழுங்கள். மூச்சை அடக்காதீர்கள். தொடையும் பிட்டமும் சும்மா இருக்கட்டும். இப்போது முழுவதும் தளரவிடுங்கள்." இதில் கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தைப் போலவே முக்கியமானது.

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்தார் மருத்துவராகிவிட முடியாது. ஆயினும் சில செய்யலாம். மலையாளமும் தமிழும் அறிந்தவர்கள் நம்மில் பலர் உளர். தேர்ந்த பிசியோதெரபியர் ஒருவரின் துணையோடு, இச்சொற்களை ஒரே தாளில் இருமொழியிலும் தொகுத்துக் கொடுக்கலாம். அந்தத் தாள் பயிற்சியாளரின் கையில் இருக்கவேண்டும். பயிற்சியாளருக்குப் பதிலாக அதுவே வீடுகளுக்குப் போகலாகாது. ஏன் என்பதை மேலே கண்டோம்.

பள்ளியிறுதி படிக்கும் தங்கைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியல் என்று மட்டும் எண்ணாமல், இத்துறையையும் அவர்கள் எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். தமிழ் பேசும் தேர்ந்த கை ஒன்று இவ்வூரில் உருவானால், பல தாய்மாரின் வாய் திறக்கும்.

2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாதவிலக்கைக் கருதி மாணவியருக்கு வருகைப் பதிவில் 2 சதவிகிதம் கூடுதல் சலுகை அளிக்க முன்வந்தது. பின்னர் மாநில அரசு அதனை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கியது. வெளியே சொல்லத் தகாதென்று கருதிய ஒன்று மாணவியரின் கோரிக்கையால் விதியாயிற்று. வகுப்பறையில் சொல்ல முடிந்ததை வீட்டுச் சமையலறையிலும் சொல்ல முடியும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அம்மாவிடம் இருமலைப் பற்றி விசாரிப்பவர்கள் அந்த இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளை பெற்ற உடம்பு என்பதற்காக எந்தத் தாயும் அதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.